நீள வால் ஜோடிக்காரர்: ஆலன் ப்ளூம்லைன்

அனலாக் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர் வரும். இரண்டு டிரான்சிஸ்டர், மேலே ஆளுக்கொரு ரெசிஸ்டர், கீழே இரண்டுக்கும் பொதுவாக ஒரு கரண்ட் சோர்ஸ். அந்தக் கரண்டுக்குப் பேர் டெயில் கரண்ட். இன்டெர்னல்ஸுக்கு அதை வச்சு எத்தனையோ கணக்குப் போட்டிருப்போம். அது ஏன் வால், யாரோட வால்னு கேட்டதில்லை. புத்தகமும் சொல்றதில்லை.

அந்த வாலுக்குச் சொந்தக்காரர் ஆலன் டவர் ப்ளூம்லைன் என்கிற லண்டன் இன்ஜினியர். 1936-ல் அவர் காப்புரிமை கேட்ட ஒரு வால்வு சர்க்யூட்டுக்கு லாங் டெயில்ட் பேர், அதாவது நீள வால் ஜோடி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நாம் வாங்கும் ஆப்-ஆம்ப் ஐ.சி. எதைத் திறந்தாலும் இன்புட் பக்கத்தில் பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைதான் உட்கார்ந்திருக்கும். ஆடியோ பஃபர் கட்டுகிறவர்கள் எல்லாரும் வரையும் ஃபாலோயர் சர்க்யூட்டுக்கும் 1934-ல் அவர் காப்புரிமை எடுத்தார். அந்த பஃபரில் இடது, வலது என்று இரண்டு சேனல் இருக்கிறதே, அந்த ஸ்டீரியோவுக்கும் 1931-லேயே விண்ணப்பம் போட்டுவிட்டார். மொத்தம் 128 காப்புரிமைகள். கணக்குப் பார்த்தால் சுமார் பதினைந்து வருடம், ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒன்று. 38 வயதில் இறந்துபோனார்.

நம்ம ஹாஸ்டல்ல பஃபர் ப்ரீஆம்ப் கட்டுற கூட்டம் ஒன்று உண்டு. ஏன் ஜேஃபெட்டை மேட்ச் பண்ணணும், ஒரே நம்பர் போட்ட இரண்டு பார்ட் போதாதா என்பதுதான் அங்கே அடிக்கடி வரும் கேள்வி. அதற்கு விடை இந்த மனிதரின் வாழ்க்கை முழுக்க இருக்கு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1903 ஜூன் 29 அன்று லண்டன் ஹாம்ஸ்டெட்டில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர். அம்மா, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஒருவரின் மகள். நடுவில் வரும் டவர் அம்மா வீட்டுப் பெயர். ஏழு வயதில் வீட்டு காலிங் பெல்லை ரிப்பேர் பண்ணிவிட்டு, எலக்ட்ரிகல் இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் பில் நீட்டினாராம். பையன் பன்னிரண்டு வயது வரை சரளமாகப் படிக்கவே மாட்டான் என்று அவர் அக்கா பிற்காலத்தில் கேலி செய்வாராம். படிப்பு வராவிட்டால் என்ன, இருபடிச் சமன்பாடு வந்ததே என்பது அவர் பக்கத்து வாதம். ஹைகேட் ஸ்கூல், பிறகு ஸ்காலர்ஷிப்பில் சிட்டி அண்ட் கில்ட்ஸ் காலேஜ், 1923-ல் முதல் வகுப்பில் டிகிரி. காலேஜ் கதை அவ்வளவுதான்.

1924-ல் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை. பின்னால் இதுதான் ஸ்டாண்டர்ட் டெலிஃபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ் ஆனது. அவருக்குக் கிடைத்தது டெலிஃபோன் லைன்களில் கிராஸ்டாக் பிரச்சினை. ஒருத்தர் பேசுவது பக்கத்து ஜோடிக் கம்பியில் இன்னொருத்தர் காதில் விழும். ஒரு ஜோடிக் கம்பி இரண்டும் எல்லா விதத்திலும் ஒரே மாதிரி இருந்தால், வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டிலும் சமமாக ஏறும். அந்தப் பக்கம் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் தொல்லை காணாமல் போகும். ஒரு கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் கூடிவிட்டால் போதும், சமன் கெட்டுப் பக்கத்து வீட்டுப் பேச்சு உள்ளே வந்துவிடும். கெட்ட கம்பி, நல்ல கம்பி என்று இங்கே கிடையாது. ஒத்துப்போகாத கம்பி என்பதுதான் உண்டு.

இந்தச் சின்ன வித்தியாசங்களை அளக்க ஒரு பிரிட்ஜ் வேண்டும். நாம் லேபில் பார்த்த வீட்ஸ்டோன் பிரிட்ஜில் இரண்டு ரெசிஸ்டரின் விகிதத்தை நம்பித்தான் அளவு. ரெசிஸ்டர் சூட்டில் மாறும், வயதாக ஆக மாறும். ப்ளூம்லைன் அந்த இரண்டு கைகளுக்குப் பதிலாக, ஒரே இரும்பில் நெருக்கிச் சுற்றிய இரண்டு காயில்களை வைத்தார். இப்போது விகிதத்தைத் தீர்மானிப்பது சுற்றுகளின் எண்ணிக்கை. நூறு சுற்றுக்கு நூறு சுற்று என்றால் அது கோடையிலும் நூறுதான், குளிரிலும் நூறுதான். 1928-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். என் கணக்கில் ஸ்டீரியோவைவிட இதுதான் அவர் ஆளை நல்லாக் காட்டுது. ஒரு பார்ட்டின் மதிப்பை நம்ப முடியாதா? அந்த மதிப்பே தேவைப்படாத மாதிரி சர்க்யூட்டை மாத்து. கடைசி வரை இதையே வேற வேற உருவத்தில் செய்துகொண்டிருந்தார்.

1929-ல் கொலம்பியா கிராஃபோஃபோன் கம்பெனிக்கு மாறினார். மேலதிகாரி ஐசக் ஷோன்பெர்க். அந்தக் காலத்தில் எலக்ட்ரிகல் முறையில் ரெகார்ட் வெட்டும் கருவிக்கான காப்புரிமை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கையில் இருந்தது. விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் அவர்களுக்கு ராயல்டி கட்ட வேண்டும். அந்தக் காப்புரிமையில் மாட்டாத புது கட்டர் ஒன்று செய்துகொடு என்பதுதான் ஷோன்பெர்க் வைத்த வேலை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவியில் அதிர்வை அடக்க ஒரு ரப்பர் கோடு இருந்தது. ப்ளூம்லைன் மூவிங் காயில் கட்டர் ஒன்று செய்து, அதிர்வை எலக்ட்ரிகலாகவே அடக்கினார். ரப்பர் எப்படி நடந்துக்கும்னு காகிதத்தில் கணக்குப் போட முடியாது. காயிலும் காந்தமும் எப்படி நடந்துக்கும்னு போட முடியும். ஹோல்மன், கிளார்க் என்ற இரு சகாக்களுடன் இதை முடித்துக் கொடுத்தார். ராயல்டி பிரச்சினை தீர்ந்தது.

1931-ல் கொலம்பியாவும் கிராமஃபோன் கம்பெனியும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது. கிராமஃபோன் கம்பெனி என்றால் வேறு யாருமில்லை, தாத்தா வீட்டுத் தட்டுகளில் குழாய் முன்னாடி நாய் உட்கார்ந்திருக்குமே, அந்த எச்.எம்.வி. காரர்கள்தான். ஆய்வகம் லண்டனுக்கு மேற்கே ஹேஸ் என்ற ஊரில்.

அதே 1931-ல் ஒரு நாள், பின்னால் மனைவியாகப் போகும் டோரீன் லேனுடன் சினிமாவுக்குப் போனார். பேசும் படம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. திரைக்குப் பின்னால் ஒரே ஸ்பீக்கர். நடிகர் திரையின் இந்த ஓரத்தில் நிற்கிறார், குரல் அந்த ஓரத்திலிருந்து வருகிறது. கண் இல்லாத ஒருத்தர் வந்திருந்தால் யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதே என்று டோரீனிடம் சொல்லி, குரல் ஆள் பின்னாடியே நடந்து போக வழி வச்சிருக்கேன் என்றாராம். டோரீன் வழியாக வந்த கதை இது. சினிமா பார்க்கப் போன இடத்தில் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுகிற ஆளை அந்த அம்மா 1933-ல் கல்யாணமும் பண்ணிக்கொண்டார் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

1931 டிசம்பர் 14 அன்று விண்ணப்பம் போட்டார். பிரிட்டிஷ் காப்புரிமை எண் 394325. உள்ளே எழுபது உரிமைக் கோரிக்கைகள். ஸ்டீரியோ என்ற வார்த்தையை அவர் பயன்படுத்தவில்லை, பைனாரல் என்றார். அதில் இருக்கும் மூளை வேலை இதுதான். தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டு காதுக்கும் ஒலியின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்ற ஃபேஸ் வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் எதிரே இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் இரண்டின் ஒலியும் இரண்டு காதுக்கும் போகும், காதுக்குக் காது தனித்தனியாக ஃபேஸை அனுப்ப முடியாது. ப்ளூம்லைன் கண்டுகொண்டது: ஸ்பீக்கர்களுக்கு நடுவே அளவில் மட்டும் வித்தியாசம் வைத்தால், அவற்றின் ஒலி காதில் கலக்கும்போது தேவையான ஃபேஸ் வித்தியாசம் தானாகவே உருவாகிவிடும். இன்றைக்கு மிக்ஸரில் இருக்கும் பேன் குமிழ் செய்வது இதையேதான்.

அதற்காக இரண்டு மைக்கை ஒரே புள்ளியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வைத்தார். இன்றும் அதற்கு ப்ளூம்லைன் ஜோடி என்றே பெயர். பிறகு தட்டு. இரண்டு சேனலையும் ஒரே பள்ளத்தில் எப்படி எழுதுவது? ஊசி பக்கவாட்டில் ஆடுவதை ஒரு சேனலுக்கும், மேலும் கீழும் ஆடுவதை இன்னொன்றுக்கும் கொடுக்கலாம். செய்யக்கூடியதுதான். ஆனால் இரண்டு அசைவுக்கும் தரம் வேற வேற. இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி கேட்கும். அதனால் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் 45 டிகிரி சாய்வில் வைத்து, ஆளுக்கொரு சுவர் கொடுத்தார். இப்போது இரண்டு சேனலுக்கும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி குறை. குறை இருக்கட்டும், சமமாக இருக்கட்டும் என்கிற பழைய டெலிஃபோன் கம்பிப் புத்தி இங்கேயும் வேலை செய்கிறது. கடைக்கு வரும் ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் இன்றும் இந்த 45-45 வெட்டுதான்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தாரும் அதே வருடங்களில் ஸ்டீரியோ முயற்சிகள் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களைப் பார்த்து இவரோ, இவரைப் பார்த்து அவர்களோ செய்யவில்லை.

1934 ஜனவரியில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் மொசார்ட்டின் ஜுபிடர் சிம்ஃபனி நடத்தியபோது ப்ளூம்லைன் குழு ஸ்டீரியோவில் பதிவு செய்தது. பீட்டில்ஸ் அந்தக் கட்டடத்துக்கு வர இன்னும் இருபத்தெட்டு வருடம் இருந்தது. 1935-ல் சோதனைப் படங்களும் எடுத்தார்கள். அதோடு சரி. உலகப் பொருளாதாரம் படுத்திருந்த காலம். வீட்டில் ஒரு ஸ்பீக்கர் இருப்பதே பெரிய விஷயம், இரண்டு யார் வாங்குவார்கள்? ஈ.எம்.ஐ. அதை மூட்டை கட்டிவைத்துவிட்டு ஆட்களை டெலிவிஷனுக்குத் திருப்பியது.

டெலிவிஷனில் அவர் செய்தவற்றை எல்லாம் எழுதினால் தனி இதழ் போட வேண்டும். சுருக்கமாக: 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. தொடங்கிய ஒளிபரப்பில் பேர்ட் கம்பெனியின் 240 வரி முறையும் மார்க்கோனி-ஈ.எம்.ஐ.யின் 405 வரி முறையும் மாறி மாறி ஓடின. சில மாதத்திலேயே பேர்ட் முறை வீட்டுக்குப் போனது. 405 வரி அதற்குப் பிறகு 1985 வரை பிரிட்டனில் ஓடியது. அந்த முறையின் சர்க்யூட்களில் பெரும்பங்கு ப்ளூம்லைனுடையது. நமக்கு வேண்டிய இரண்டு சர்க்யூட்டும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் கேத்தோடு ஃபாலோயர். டெலிவிஷன் சிக்னல் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதை ஒரு கேபிளில் தள்ளினால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் உயர் அதிர்வெண்ணையெல்லாம் தின்றுவிடும், அனுப்புகிறவனின் இம்பிடன்ஸ் குறைவாக இல்லாவிட்டால். ட்ரையோட் வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் எடுத்தால் கெயின் கிடைக்கும், ஆனால் அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகம். மில்லர் எஃபெக்டால் இன்புட் கெப்பாசிட்டன்ஸும் ஊதிப்போகும். அவுட்புட்டைக் கேத்தோடிலிருந்து எடுத்தால் கெயின் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. ஒண்ணுமே பெருக்காத ஆம்ப்ளிஃபயர் எதுக்குன்னு அன்றைக்கும் யாராவது சிரித்திருப்பார்கள். ஆனால் இன்புட் எதையும் இழுக்காது, அவுட்புட் எதையும் தள்ளும். கிரிட் எங்கே போகிறதோ கேத்தோடும் பின்னாலேயே போகும், அதனால்தான் ஃபாலோயர்.

நம்ம பஃபர் ப்ரீஆம்புக்கு வேண்டியது அதேதான். 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிகலாக நடுவில் வைத்தால் அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் 25 கிலோ ஓம், அதுதான் மோசமான இடம். அடுத்து 500 பிக்கோஃபாரட் கேபிள் இருந்தால் சுமார் 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். பவர் ஆம்பின் இன்புட் இம்பிடன்ஸ் 10 கிலோ ஓம் என்றால் சத்தமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும். நடுவில் ஒரு ஃபாலோயர் வைத்தால் இரண்டும் தீர்ந்தது. வால்வுக்குப் பதில் இப்போது ஜேஃபெட், கேத்தோடு ஃபாலோயருக்குப் பதில் சோர்ஸ் ஃபாலோயர்.

நெல்சன் பாஸ் வெளியிட்ட பி1 பஃபரைப் பலரும் அறிவார்கள். அந்தக் குடும்பத்து சர்க்யூட்டில் ஒரு சேனலுக்கு இரண்டு ஜேஃபெட். மேலே இருப்பது ஃபாலோயர். கீழே இருப்பதன் கேட்டையும் சோர்ஸையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், அது வெறும் கரண்ட் சோர்ஸ், அதாவது வால். கேட்டும் சோர்ஸும் ஒரே வோல்டேஜில் இருக்கும்போது ஒரு ஜேஃபெட் விடும் கரண்டுக்கு ஐ.டி.எஸ்.எஸ். என்று பெயர். கீழே இருப்பது தன் ஐ.டி.எஸ்.எஸ். கரண்டை இழுக்கும். மேலே இருப்பது அதே கரண்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டின் ஐ.டி.எஸ்.எஸ். ஒன்றாக இருந்தால், மேலே இருப்பதற்கும் கேட்டும் சோர்ஸும் ஒரே வோல்டேஜில் இருக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரட்டை சப்ளையில் கட்டினால் இன்புட்டில் பூஜ்யம், அவுட்புட்டில் பூஜ்யம். ட்ரிம்மர் வேண்டாம், அவுட்புட்டில் பெரிய கெப்பாசிட்டரும் வேண்டாம். அந்த ஐ.டி.எஸ்.எஸ். 7 மில்லி ஆம்பியரா 9 மில்லி ஆம்பியரா என்பது பெரிய கவலை இல்லை. இரண்டும் ஒன்றா என்பதுதான் கவலை. காயில் பிரிட்ஜ் போட்ட ஆளுக்கு இந்த சர்க்யூட்டைக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டிருப்பார்.

ஒரே நம்பர் போதாதா என்பதற்கு டேட்டாஷீட்டே பதில் சொல்கிறது. 2எஸ்கே170-ல் பி.எல். கிரேடு என்றால் 6-லிருந்து 12 மில்லி ஆம்பியர் வரை எதுவானாலும் அது பி.எல்.தான். ஒரே பையில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தோஷிபா அதன் உற்பத்தியை நிறுத்தியும் வருஷங்கள் ஆச்சு, போலிகள் நிறைய. கையில் கிடைப்பதை அளக்காமல் சாலிடர் வைக்க வேண்டாம். அளப்பது சுலபம். கேட்டையும் சோர்ஸையும் ஷார்ட் செய்து 9 வோல்ட் பேட்டரியின் மைனஸில், டிரெய்னை மில்லி ஆம்பியர் மீட்டர் வழியாகப் பிளஸில். ஜேஃபெட் சூடேற ஏற ரீடிங் மெல்ல இறங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விரலால் பிடித்துக்கொண்டு அளக்கக் கூடாது. ஃபேன் காற்றும் நேராகப் படக் கூடாது. பேட்டரி இறங்கினால் மொத்த வரிசையையும் திரும்ப அளக்க வேண்டும். சரியான ஜோடி கிடைக்காமல் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால், பெரிய ஐ.டி.எஸ்.எஸ். இருப்பதை மேலே போடுங்கள். மாற்றிப் போட்டால் மேலே இருப்பதன் கேட் பாசிட்டிவ் பக்கம் போக வேண்டியிருக்கும், ஜேஃபெட்டுக்கு அது ஒத்துவராது. நாலு ஜேஃபெட்டும் ஒன்றாக அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் ஒரு சேனலுக்குள் இருக்கும் இரண்டு ஒத்துப்போவதுதான் முதல் முக்கியம். ரெசிஸ்டரும் அப்படியே: 1 சதவீத மெட்டல் ஃபிலிமில் இருபது வாங்கி, மல்டிமீட்டரில் ஒத்துப்போவதை இடது வலதாகப் பிரித்தால் போதும். மீட்டரே கொஞ்சம் பொய் சொன்னாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் ஒரே பொய்யைச் சொல்கிறதே.

இனி அந்த வால். 1937 மே 12 ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. ஊர்வலத்தை ஹைட் பார்க் கார்னரிலிருந்து நேரடியாகக் காட்ட வேண்டும், அங்கிருந்து அலெக்சாண்ட்ரா பேலஸ் வரை லண்டன் தெருக்களுக்கு அடியில் கேபிள். இரண்டு கம்பி கொண்ட சமன் கேபிள். வழி நெடுக ஊரிலுள்ள மின் தொல்லையெல்லாம் அதில் ஏறும், ஆனால் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும். டெலிஃபோனில் வித்தியாசத்தை எடுக்க டிரான்ஸ்ஃபார்மர் போதும். டெலிவிஷனின் அகன்ற அதிர்வெண்ணுக்கு அது சிரமம். ப்ளூம்லைன் இரண்டு வால்வுகளின் கேத்தோடுகளையும் சேர்த்து, பெரிய ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக நெகட்டிவ் சப்ளைக்கு இழுத்தார். சர்க்யூட் படத்தில் கீழே தொங்கும் அந்த ரெசிஸ்டர்தான் நீள வால். இரண்டு கிரிட்டும் சேர்ந்து ஏறினால் வால் மொத்தக் கரண்டை மாறவிடாது, அதனால் அவுட்புட்டில் ஒன்றும் நடக்காது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் மட்டும் கரண்ட் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாயும். வால் எவ்வளவு நீளமோ, வால்வு ஜோடி எவ்வளவு ஒத்துப்போகிறதோ, அவ்வளவு சுத்தமாகத் தொல்லை நீங்கும். நம்ம பேப்பரில் சி.எம்.ஆர்.ஆர். என்று இரண்டு மார்க்குக்கு வருவது இதுதான்.

கூட வேலை பார்த்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் விஷயம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒரு சர்க்யூட் மேஜை மேல் ஓடுவது அவருக்குப் பெரிதல்ல. கணக்கிலிருந்தே அது எப்படி ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிய வேண்டும், எந்த வால்வைச் செருகினாலும் அது மாறக் கூடாது. ட்ரிம்மரைத் திருப்பித் திருப்பி ஓட வைப்பதை அவர் இன்ஜினியரிங் கணக்கில் சேர்க்கவில்லை. நம்ம மினி ப்ராஜெக்ட் டெமோ நாள்களை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

போர் வந்தது. அதற்கு முன்பே, எதிரி விமானம் வரும் திசையை ஒலியை வைத்துத் திரையில் காட்டும் கருவிக்கு அவருடைய பைனாரல் அறிவு போயிருந்தது. பிறகு ரேடார். இரவில் விமானத்தை விமானம் தேடும் ரேடாருக்கான பல்ஸ் சர்க்யூட்களில் வேலை பார்த்தார். ப்ளூம்லைன் லைன் என்ற பல்ஸ் சர்க்யூட்டை இன்றைக்கும் நைட்ரஜன் லேசர் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். அடுத்து வந்தது எச்2எஸ். மேகமோ இருட்டோ இருந்தாலும் விமானத்திலிருந்து கீழே இருக்கும் தரையைப் படமாகக் காட்டும் ரேடார். உள்ளே கேவிட்டி மேக்னட்ரான், அன்றைய பிரிட்டனின் பெரிய ரகசியங்களில் ஒன்று.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. எச்2எஸ் பொருத்திய ஹாலிஃபேக்ஸ் வி9977 டெஃபோர்ட் விமானதளத்திலிருந்து சோதனைக்குக் கிளம்பியது. ப்ளூம்லைனும், ஈ.எம்.ஐ. சகாக்கள் பிரௌன், பிளைதன் இருவரும், மற்ற விஞ்ஞானிகளும் விமானப்படையினரும் சேர்த்துப் பதினோரு பேர். ஹியர்ஃபோர்ட்ஷையர் மாவட்டத்தில் வெல்ஷ் பிக்னர் அருகே வலது வெளிப்பக்க எஞ்சினில் தீப்பிடித்து, விமானம் தரையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. விசாரணையில் தெரிந்தது: கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு நடந்த பரிசோதனையில் டாப்பெட் நட்டு ஒன்று சரியாக முறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. பறக்கும்போது அது கழன்று, வால்வு முறிந்து, எரிபொருள் பற்றிக்கொண்டது. இந்த வால்வு எஞ்சின் வால்வு. நாச வேலை என்று பிற்காலத்தில் வதந்திகள் வந்தன. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அன்றிரவே பெர்னார்ட் லவெல் அந்த இடத்துக்குப் போய்ச் சிதைவுகளுக்கு நடுவே மேக்னட்ரானைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கியைக் கட்டினாரே, அதே லவெல். எச்2எஸ் நிற்கவில்லை, 1943 ஜனவரி கடைசியில் ஹாம்பர்க் மேல் முதன்முதலாகப் பயன்பட்டது. விபத்தை எதிரிக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும் என்று சர்ச்சில் அரசு முடிவெடுத்ததால், இறந்தது யார் என்று பல காலம் வெளியே வரவில்லை. டோரீனும் சைமன், டேவிட் என்ற இரண்டு சின்னப் பையன்களும் அந்த மௌனத்தோடுதான் வாழ வேண்டியிருந்தது. ஊருக்குத் தெரியாமல் செத்ததால் ஊருக்குத் தெரியாமலே போனார் என்றும் சொல்லலாம். அவருடைய வாழ்க்கை வரலாறு முழுப் புத்தகமாக வர 1999 வரை ஆனது.

1957-ல் அமெரிக்காவின் வெஸ்ட்ரெக்ஸ் கம்பெனி 45-45 முறையில் ஸ்டீரியோ தட்டு வெட்டிக் காட்டியது. அடுத்த வருஷம் கடைகளில் ஸ்டீரியோ எல்.பி. வந்தது. விண்ணப்பம் போட்டு இருபத்தாறு வருஷம். அதற்குள் ப்ளூம்லைனின் காப்புரிமைக் காலமும் முடிந்திருந்தது. 1977-ல் ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் நீலப் பலகை வைத்தார்கள். 2015-ல் ஆபி ரோடில் ஐட்ரிபிள்இ மைல்கல் பலகை. 2017-ல் டெக்னிகல் கிராமி.

1935-ல் எடுத்த சோதனைப் படங்களில் ஒன்று இணையத்தில் தேடினால் கிடைக்கும். பெயர் ஹேஸ் ஸ்டேஷன் ரயில்கள். ஐந்து நிமிஷம், கதை கிடையாது, ஈ.எம்.ஐ. ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிந்த ஸ்டேஷன், நீராவி எஞ்சின்கள் வந்து போகின்றன. பஃபர் கட்டி முடித்ததும் முதலில் ஒரு மோனோ குரலைப் போட்டு வால்யூமை மிகக் குறைத்துப் பாருங்கள். மலிவான இரட்டை வால்யூம் கன்ட்ரோலில் இரண்டு பக்கமும் 2, 3 டெசிபல் வரை விலகும், குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்து உட்காரும். அப்படி நகர்ந்தால் வேறு கன்ட்ரோல் வாங்குங்கள், அல்லது ஸ்டெப் அட்டெனுவேட்டர் போடுங்கள். குரல் நடுவில் நின்றால் அடுத்தது ரயில் படம். ஹெட்ஃபோன் வேண்டாம், இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரு நாற்காலி. ரயில் ஒரு பக்கம் நுழைந்து, உங்கள் முன்னால் இடைவெளி விடாமல் நகர்ந்து, மறுபக்கம் போய் மறையும்.